கடைசி யானையின் கால்

கத்தரியின் முனை தையலுக்கு அடியில் நுழைந்துவிட்டது. அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

சிவப்புப் பட்டுச் சுருக்குப்பை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். எந்தக் காலத்திலோ ஒருத்தி வெற்றிலை பாக்கைப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தது. இப்போது அருங்காட்சியகத்தின் சொத்து.

பையைச் சுற்றிலும் பூத்தையலில் யானைகள். கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியவை. ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போகின்றன.

முன்னால் போகும் யானைகள் கன்னங்கரேல். பிறகு சாம்பல். கடைசி யானை வெள்ளை. அதன் பின்னங்கால் மட்டும் மறுபடி கறுப்பு.

பழந்துணிகளைச் செப்பனிடும் அவளிடம் காப்பாட்சியர் தமயந்தி காலையிலேயே சொல்லிவிட்டார். வெளுத்ததற்கெல்லாம் சாயம் ஏற்றிவிடு. அந்தக் கறுப்புக் கால் பின்னால் யாரோ போட்ட ஒட்டு, தையலும் கோணல், பிரித்து எடுத்துவிடு. நாளை கண்காட்சி.

அவளுக்கும் அதுதான் சரியென்று பட்டது. பிறத்தியார் போட்ட ஒட்டைக் கண்டாலே அவளுக்குக் கை துறுதுறுக்கும்.

ஆனால் இழை வழுக்கியது. பட்டு நூல் இப்படி வழுக்காதே.

கத்தரியை எடுத்துவிட்டு, பூதக்கண்ணாடியை இழுத்துக் குனிந்தாள்.

நூலில் முறுக்கே இல்லை.

தலைமுடி.

அந்தக் கால் மட்டுமல்ல, அத்தனை யானைகளும்.

முதல் யானைக்குப் போனாள். அங்கிருந்து ஒவ்வொன்றாக வந்தாள். நடுவில் ஒரு யானையின் காதோரம் ஒற்றை இழை வெள்ளை.

முதல் நரை.

அம்மாடி.

எதுவும் வெளுக்கவில்லை. தலைவாரும்போது உதிர்ந்ததைச் சேர்த்துவைத்துச் சேர்த்துவைத்துத் தைத்திருக்கிறாள் பைக்காரி, ஆயுசு முழுக்க. யானைகள் நடக்க நடக்க அவளுக்கு வயதாகியிருக்கிறது. கடைசி யானைக்குக் கால் வைப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

கறுப்புக் காலுக்குத் திரும்பினாள். தடித்த, இளம் முடி. இழுத்து இழுத்துத் தைத்தும் படியாமல் சுருண்டு நின்றது. கோணல் அதனால்தான். இதைப் போய் வெட்ட இருந்தோமே என்று கத்தரியை மேசை ஓரத்துக்குத் தள்ளினாள்.

தமயந்தியைக் கூப்பிட்டுக் கண்ணாடியைக் காட்டினாள்.

அவர் குனிந்தவர் நிமிரவேயில்லை. குனிந்தபடியே, சாயத்தைக் கொண்டுபோய்க் கொட்டிவிடச் சொன்னார்.

"இந்தக் காலைத் தைச்சது பெத்த மகளாத்தான் இருக்கும்," என்றார்.

"இவங்க முடி நேர்முடி மேடம். இந்தச் சுருட்டை வேற வீட்டுலேருந்து வாழ வந்த மாதிரி இருக்கு."