உயரமான பட்டை

வகுப்பறையில் ஒரு பாறை 'தொம்' என்று விழுந்த சத்தம், கிழட்டுப் புறாவாகிவிட்ட எனக்கு இன்றும் கேட்கிறது.

அன்று மைனா டீச்சர் எங்களுக்குப் பட்டை வரைபடம் கற்றுக்கொடுத்தார். மதிய உணவுக்குத் தினை வேண்டுமா, கரும்பு வேண்டுமா? ஆளுக்கொரு கல்லை, பிடித்த உணவின் பக்கம் அடுக்க வேண்டும். எந்த அடுக்கு உயரமோ, மறுநாள் முதல் அதுதான் சாப்பாடு.

சிட்டுக்குருவி, காடை, மைனாக்குஞ்சு, நான், எல்லோரும் தினைப் பக்கம் கூழாங்கற்களை அடுக்கினோம். யானைக்குட்டி கரும்புப் பக்கம் பாறையைப் போட்டது.

"டீச்சர், அவன் ஒருத்தன்தானே?" என்றது சிட்டுக்குருவி. "எல்லாக் கல்லும் ஒரே அளவா இருக்க வேண்டாமா?"

மகனை அழைத்துப்போக வந்திருந்த தாய் யானை வாசலில் நின்றது. "என் பிள்ளை வச்சதும் ஒரு கல்லுதானே, டீச்சரம்மா?" என்று கேட்டுவிட்டு, ஒரு காலைத் தூக்கி மெதுவாகத்தான் வைத்தது. கூரையிலிருந்து ஓலை உதிர்ந்தது.

டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "குழந்தைகளே, எந்தப் பட்டை உயரம்?"

"கரும்பு!" என்று கத்தினோம். வரைபடத்தைப் பிழையில்லாமல் படித்ததற்காக எங்களைப் பாராட்டினார்.

மறுநாள் கரும்பு வந்தது. எங்கள் அலகுகளுக்கு அது நல்ல உடற்பயிற்சி. எங்கள் பங்கையும் யானைக்குட்டி பெருந்தன்மையோடு தின்று உதவியது.

மைனா டீச்சர் அடுத்த ஆண்டே தலைமையாசிரியை ஆனார். சிட்டுக்குருவி பசி தாங்காமல் பள்ளியை விட்டு நின்றது. அது பிறகு எங்கும் படிக்கவில்லை.