ஒன்பது விரல் ராணி

"போன வாரம் பக்கத்து யூனிட்டுல அம்பது பொம்மையைத் திருப்பிட்டாங்களாம் இந்தம்மா. என்ன குத்தம்னு கேட்டா, பொட்டு ஒரு நூல் தள்ளி இருக்குதாம்," என்று கனகாவிடம் கிசுகிசுத்தார் யூனிட் முதலாளி ராஜமாணிக்கம்.

கனகா தூரிகையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

கொட்டகையில் வரிசையாக நின்ற பீங்கான் பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள் ஷாஸியா. 'ஏழுமதில் நாடு' என்ற மாயாஜாலக் கதைத் தொடரின் ரசிகர்கள் சென்னையில் கூடுகிறார்களாம். வருகிறவர்களுக்குக் கொடுக்க மூன்று வகை, வகைக்கு அறுபது பொம்மைகள் கேட்டிருந்தாள்.

ஆர்டர் கொடுத்த அன்றே கறாராகச் சொல்லிவிட்டாள். "அழகா மட்டும் செஞ்சு வெச்சிடாதீங்க. இவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு குறை இருக்கு. அதுக்காகத்தான் எங்களுக்கு இவங்களைப் பிடிக்கும். அது பொம்மையில தெரியணும்."

வர்ணம் தீட்டுகிற கனகா படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று மூன்று பாகங்களையும் கொடுத்துவிட்டுப் போனாள். கனகா சோறு தின்னும்போது படித்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தாள்.

"சேனாபதி கையில பகல்லயும் விளக்கு. இருட்டுன்னா பயம். சரி," என்றாள் ஷாஸியா. "மந்திரவாதிக்குப் பாதியில மந்திரம் மறந்துடும். உள்ளங்கையில எழுதி வெச்சிருக்கான். சரி. ராணி வாயைத் தொறந்தாலே பொய். அந்தக் கோணல் சிரிப்பு நல்லா வந்திருக்குக்கா."

"பயந்தாங்கொள்ளி, மறதிக்காரன், பொய்க்காரி. இவங்களுக்கு ரசிகருங்க வேற," என்றார் ராஜமாணிக்கம். "எங்க வூட்டுல இந்த மூணும் நான் ஒருத்தனே. ஒரு ஆளு திரும்பிப் பார்க்க மாட்டேங்குது."

ஷாஸியா சிரிக்கவில்லை. அவள் கண் ராணியின் இடது கையில் நின்றது. அந்தப் பொம்மையை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். பிறகு இன்னொன்று.

"சார், ராணிக்குச் சுண்டு விரல் இல்லையே."

அறுபது ராணிகளுக்கும் இல்லை. கனகாவுக்கு அது பத்து நாளாகவே தெரியும்.

அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மையின் ஓரத்தில் நிற்கும் பிசிறைப் பிளேடால் சீவுவது கொளஞ்சியம்மாளின் வேலை. இருபது வருஷமாக அந்தக் கை தவறியதில்லை. இப்போது கண்ணில் புரை. ராணியின் மெல்லிய சுண்டு விரலையும் பிசிறு என்று நினைத்துச் சீவித் தள்ளிவிட்டாள். சூளையில் வெந்து வந்த பிறகுதான் கனகா அதைப் பார்த்தாள். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை.

ஆபரேஷனுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை வெளியே தெரியக் கூடாது. போன தடவை அகல் விளக்குகளின் மூக்கைச் சீவியபோதே, "இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா வூட்டோட இருந்துக்க" என்று சொல்லியிருந்தார் ராஜமாணிக்கம். கொளஞ்சியம்மாளுக்கு இந்தக் கூலியைவிட்டால் வேறு வரும்படி கிடையாது.

"கொளஞ்சி," என்றார் ராஜமாணிக்கம். அவர் குரலை உயர்த்தாததுதான் கனகாவுக்குப் பயமாக இருந்தது. "இங்க வா. இது உன் கை வேலைதானே?"

கொளஞ்சியம்மாள் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே எழுந்து வந்தாள். ராஜமாணிக்கம் நின்றது ஒரு பக்கம். அவள் தலைகுனிந்து நின்றது பக்கத்திலிருந்த தூணைப் பார்த்து.

"அண்ணே, அது தப்பு இல்லண்ணே," என்றாள் கனகா. "கதையிலயே அப்படித்தான். ராணிக்கு ஒரு விரல் கெடையாது."

சொன்ன பிறகுதான், யாரை எதிரே வைத்துக்கொண்டு சொன்னோம் என்பது உறைத்தது. கதையைக் கரைத்துக் குடித்தவள் கையில் ராணியோடு நிற்கிறாள்.

"அப்படியாம்மா?" என்று ஷாஸியாவிடம் கேட்டார் ராஜமாணிக்கம்.

ஷாஸியா ராணியின் கையை இன்னொரு தடவை பார்த்தாள். கனகாவின் முகத்தைப் பார்த்தாள். தூணுக்கு முன்னால் கைகட்டி நின்றவளைப் பார்த்தாள். ராணியை மெல்ல மேசை மேல் வைத்தாள்.

"ஆமா சார். நாலாம் பாகத்துல ஒரு போர் வரும். அதுல ராணிக்கு விரல் போயிடும். எனக்குத்தான் சட்டுனு ஞாபகம் வரல. எல்லாத்தையும் பேக் பண்ணிடுங்க."

"அதானே பார்த்தேன். நம்ம யூனிட்டுல அப்படியெல்லாம் விட்டுடுவோமா," என்றார் ராஜமாணிக்கம். "ஏன் கொளஞ்சி நின்னுக்கிட்டே இருக்கற? போயி வேலையப் பாரு. யாராச்சும் இந்தம்மாவுக்கு ஒரு டீ சொல்லுங்க."

கனகா கொளஞ்சியம்மாளின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்காரவைத்தாள்.

"கொளஞ்சியப்பர் கோயில்ல என் கொறையைச் சீட்டுல பிராதா எழுதிக் கட்டியிருந்தேன்டி," என்றாள் கொளஞ்சியம்மாள். "கேட்டுட்டாரு பாரு."

"கேட்டாரு, கேட்டாரு. ஆபரேஷன் முடியற வரைக்கும் நீ சீவினதை எல்லாம் எங்கிட்ட காட்டிட்டு வையி," என்றாள் கனகா. தன் இடத்துக்குப் போய் மறுபடி தூரிகையை எடுத்தாள்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னோம். அது எப்படி நிஜமாயிற்று?

ஷாஸியா ஆட்டோவில் ஏறும்போது வாசலுக்கு ஓடினாள்.

"மேடம், அந்த நாலாம் பாகத்தை மட்டும் எனக்கு எப்படியாவது அனுப்பிடுங்க. ராணிக்கு விரல் எப்படிப் போச்சுன்னு தெரியாம எனக்குச் சோறு எறங்காது."

"எனக்கும் தெரிஞ்சுக்கணும்தான்க்கா," என்றாள் ஷாஸியா. "ஆனா அந்தப் பாகத்தைக் கதை எழுதறவங்க இன்னும் எழுதவே ஆரம்பிக்கலையே."