யாருக்கும் கொடுக்காதவரை

காலையில் தன் குரலிலேயே எழுப்பும் அலாரம் செயலி ஒன்றை எழுதி, மூலநிரலை யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளலாம் என்னும் திறந்த மூல உரிமத்தோடு ஜெயசீலனுக்குக் கொடுத்திருந்தாள் தேன்மலர். வேலை கிடைத்து வேறு ஊர் போனவன் பிறகு பேசவேயில்லை. மாலைக் கணினி வகுப்பில் ஆசிரியர் அந்த உரிமத்தின் விதிகளை நடத்திய அன்று அவரிடம் கேட்டாள்.

“சார், நாம கொடுத்த செயலியை மாத்தினவங்க மூலநிரலைக் காட்டியே ஆகணுமா?”

“வேற யாருக்காவது கொடுத்தா மூலநிரலையும் கொடுக்கணும்மா. தான் மட்டும் வெச்சிருந்தா நாம கேக்க முடியாது.”

“எப்பவோ அழிச்சிருப்பான்டி” என்று பக்கத்திலிருந்த ரெஜினா கிசுகிசுத்தாள்.

அழித்திருந்தாலும் வெளியே எதுவும் தெரியாதுதான். வகுப்பு முடிந்ததும் தேன்மலர் வழக்கம்போல இணையத்தில் தேடினாள். அவளுடைய செயலியின் மாற்றிய வடிவம் எங்கும் வந்திருக்கவில்லை.

“பாத்தியா, இன்னும் யாருக்கும் கொடுக்கல” என்று சொல்லிவிட்டு, ரெஜினாவின் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஏறினாள்.