எட்டு நிமிடக் குரல்

மேசை விளக்கின் வெள்ளை வட்டத்துக்குள் உள்ளங்கையளவு மியூசிக் பிளேயர் ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. உள்ளிருக்கும் பேட்டரி தலையணைபோல் உப்பிப் பின்மூடியைப் பிளந்திருக்கிறது. உலோகம் குத்தினால் தீப்பிடித்துவிடும் என்பதால், மெக்கானிக் மூச்சை அடக்கிக்கொண்டு பிளாஸ்டிக் தகட்டால் அதை நெம்புகிறார். எதிரே நிற்கும் பெண் கைப்பையை மார்போடு அணைத்திருக்கிறாள். "எங்க வீட்டுக்காரர், உயிரோட இருந்தப்ப சேர்ந்தாப்ல எட்டு வார்த்தை பேசாத மனுஷன், இதுல எட்டு நிமிஷம் பேசி வச்சிருக்கார். வேற எங்கயும் இல்லைங்க." பேட்டரி விடுபடுகிறது. அதன் அழுத்தத்தால் சர்க்யூட் பலகை வளைந்திருக்கிறது. பதிவுகளைத் தாங்கும் சிப்பின் குறுக்கே மயிரிழைபோல் ஒரு விரிசல் ஓடுகிறது. உருப்பெருக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே அவர் சொல்கிறார்: "குரல் போயிடுச்சும்மா." அவள் விளக்கருகே குனிகிறாள். "எப்படிங்க? மூணு வருஷமா ஒரு நாள்கூட சார்ஜரை விட்டு எடுக்கலையே. அணைஞ்சா அவர் குரலும் போயிடுமேன்னு கரண்ட்லயே போட்டு வச்சிருந்தேன்." பேட்டரி முற்றிலும் தீர்ந்திருந்தாலும் குரல் அழிந்திராது, ஓயாமல் ஏறிய மின்சாரமே பேட்டரியை உப்பவைத்திருக்கிறது என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். அவர் அந்தப் பேட்டரியை மணல் நிரப்பிய டப்பாவுக்குள் மெல்ல வைக்கிறார். "நீங்க நல்லாத்தான் பார்த்துக்கிட்டிருக்கீங்க," என்கிறார். "பழைய பேட்டரிம்மா. அதுவா வீங்கிடும்."