ஜன்னலோர மாப்பிள்ளை

“அங்கே வேண்டாம் தம்பி. இப்படி ஜன்னல் பக்கமா வந்து உட்காரு.”

நுர்காஸிக்குச் சுருக்கென்றது. விருந்தாளி என்றால் கதவுக்கு நேர் எதிர்ச் சுவரோரம்தான் உட்காரவைப்பார்கள். நாரின் என்ற அந்த ஊரில் வரி கேட்டு வந்தவனுக்குக்கூட அந்த மரியாதை உண்டு. பெண் கேட்டு வந்தவனை ஜன்னலோரம் ஒதுக்கினால் என்ன அர்த்தம்? வந்த வழியே போ என்று அர்த்தம்.

போகவில்லை. பெகிமாய்க்காக உட்கார்ந்தான். காலையில் அவள் சொல்லியனுப்பியது ஒன்றே ஒன்று: “அப்பா என்ன கேட்டாலும் சிரிச்ச முகமா இரு.”

அந்த அப்பா சபீர்பெக் எதிரே சம்மணமிட்டார். தலையில் வெள்ளைக் கம்பளித் தொப்பி. முகத்தில் நீதிபதிக் களை.

“என்ன வேலை பாக்கறே?”

“வீடியோ போடறேன் ஐயா.”

“சத்தமா சொல்லு.”

காது மந்தம் போலிருக்கிறது. “வீடியோ! சந்தையில குதிரை ஏறிப் பாத்து, எது ஓடும், எது கடிக்கும்னு சொல்லுவேன்!”

“கடி வாங்கியிருக்கியா?”

“ரெண்டு மூணு தடவை.”

“எங்கே?”

நுர்காஸி சொன்னான். சமையலறையிலிருந்து களுக்கென்று ஒரு சிரிப்பு கேட்டது. பெகிமாயின் அம்மா குல்ஜான்.

“அதுக்கு யாரு காசு தர்றா?”

“விளம்பரக்காரங்க. இப்போ ரொம்பக் குறைஞ்சுடுச்சு. அதனால மாசச் சந்தா ஆரம்பிச்சிருக்கேன். கட்டினவங்களுக்கு மட்டும்தான் வீடியோ தெரியும்.”

“சந்தைக்குப் போனா ஓசியில தெரியற குதிரைக்குச் சந்தாவா?”

“இனிமே எல்லாம் அப்படித்தான் ஐயா.”

“எத்தனை பேரு கட்டியிருக்காங்க?”

“ஒருத்தர்.”

“யாரு அந்தப் புண்ணியவான்?”

“எங்க அம்மா.”

இந்த முறை சமையலறையில் ஒரு பாத்திரமே விழுந்தது.

சபீர்பெக் சிரிக்கவில்லை. கிண்ணம் நிறையக் குமிஸ் ஊற்றி நீட்டினார். புளித்த குதிரைப்பால். ஒரே வாயில் நெற்றிவரை ஏறியது.

“மெதுவாக் குடி. முகத்தை நிமிர்த்திக் குடி.”

குடிக்கவும் சட்டம்! இந்தச் சம்பந்தம் நடந்த மாதிரிதான் என்று நுர்காஸி நினைத்துக்கொண்டான். சிரித்த முகம் மட்டும் அப்படியே இருந்தது. கன்னம் வலித்தது.

“தம்பி, புது மருமக வந்து திரைக்குப் பின்னால உட்கார்ந்தா, திரையை விலக்கிப் பாக்கறவங்க சும்மாவா பாக்கறாங்க?”

“இல்லையே. ‘கோருந்துக்’னு குடுப்பாங்க. முகம் பாத்ததுக்குக் காசு.”

“எதுக்குக் குடுக்கறாங்க? முதல் தடவையாப் பாக்கறதுக்கு! இதுவரைக்கும் பாக்காத முகத்தைக் காட்டு, நம்ம சனம் தானாக் காசை எடுக்கும். நீ என்னடான்னா ஊரே பாத்த குதிரைக்குப் பூட்டுப் போட்டுட்டு உக்காந்திருக்கே.”

“அது கல்யாண வீடு ஐயா. இது இணையம்.”

“பெரிய இணையம்!”

பொத்தான் போன் வைத்திருக்கிற தலைமுறையிடம் என்ன வாதாடுவது? நுர்காஸி கிண்ணத்தைக் கீழே வைத்தான். வருவது வரட்டும்.

“காசு கம்மிதான் ஐயா. மறைக்கல. ஆனா பெகிமாயை ஒரு நாளும் அழ விடமாட்டேன். குதிரை என்னைக் கடிக்கிறதைப் பாத்தாவது அவ சிரிச்சுக்கிட்டே இருப்பா.”

சபீர்பெக் தாடியைத் தடவினார். “இன்னொரு தடவை சொல்லு. கொஞ்சம் இடது பக்கமாத் திரும்பிச் சொல்லு.”

இடது காதுதான் மந்தம் போல. திரும்பிச் சொன்னான்.

“சரி. பொண்ணைத் தர்றேன்.”

நுர்காஸி குதித்த குதியில் குமிஸ் கிண்ணம் கவிழ்ந்தது. குல்ஜான் ஓடி வந்து அவன் தலையில் கைநிறைய மிட்டாயை வாரி இறைத்தாள். பின்னாலேயே வந்த பெகிமாய் சிரிப்பை அடக்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சபீர்பெக் முதல் முறையாகச் சிரித்தார். பிறகு தனக்குப் பின்னால் இருந்த அலமாரிப் பக்கம் திரும்பி, தேநீர்க் கிண்ணங்களுக்கு நடுவே சாய்ந்திருந்த போனைப் பார்த்து, நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்:

“அன்பு நேயர்களே, இவ்வளவு நேரமா நேரலையில பாத்தீங்களே, இவருதான் எங்க புது மாப்பிள்ளை. முகத்தைப் பாத்தவங்க சும்மா போகக் கூடாது, கோருந்துக்கை உடனே அனுப்பிடுங்க!”