ஆறு மணி வரை பச்சை

இதுவரை ஐந்து ஆட்டம், ஐந்தும் தோல்வி. ஃபுட்பால் பயிற்சியாளர் அமலதாஸை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று ஆறு மணிக்குக் கிளப் முடிவு செய்யும். கோல் கணக்கை இப்போதெல்லாம் யார் பார்க்கிறார்கள்? ஆட்டக்காரர்கள், குடும்பத்தார் என முப்பது பேரின் மணிக்கட்டில் பட்டை கட்டியிருக்கிறது. அவர்மேல் நம்பிக்கை இருந்தால் பச்சை, போய்விட்டால் சிவப்பு. பதினைந்து சிவந்தால் வேலை போய்விடும்.

இப்போது பதினான்கு. யார் யார் என்று கிளப் சொல்லாது.

மணி ஐந்தே முக்கால். வியாசர்பாடி வீட்டில் அவர் மனைவி ரெஜினா ரப்பர் கையுறையோடு மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பட்டை தெரியவில்லை.

"இன்னா புதுசா கையுறை?"

"நாத்தம் ஒட்டுதுன்னு நீதானே வாங்கியாந்த."

"போன மேட்ச்சுக்கு ஏன் வரல?"

"அம்மாவ ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போனேன். உனக்கே தெரியும்."

"கோல்கீப்பர் பொண்டாட்டியாண்ட போன்ல இன்னா பேசின?"

ரெஜினா உறையைக் கழற்றிக் கையை நீட்டினாள். பட்டை பச்சையாக இருந்தது.

மேலே சாயம் பூசியிருப்பாளோ என்று அமலதாஸ் விரலால் தேய்த்துப் பார்த்தார். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் விரலுக்கடியிலேயே அது மெல்லச் சிவந்தது.