எட்டு விதிகளில் முதலாவது

வரவேற்பறையில் நான்கு பேர். வீட்டுக்காரி ஜீவராணி, பௌத்த கற்கைகள் படிப்பித்து ஓய்வுபெற்றவள். அவளோடு படித்த சோமலதா, இப்போது காவி உடுத்த பிக்குணி. அப்போதுதான் உள்ளே வந்த இளம் பிக்கு. அவருக்குத் துணை என்று விகாரை அனுப்பிய ஆள்.

பிக்குணியையும் பிக்குவையும் ஜீவராணி வேண்டுமென்றேதான் ஒரே நேரத்துக்கு அழைத்திருந்தாள்.

துறவு பூண்டு நூறு வருடமான பிக்குணியும், இன்றைக்குத் துறவியான பிக்குவைக் கண்டால் எழுந்து வணங்க வேண்டும். பிக்குணிகளுக்கென்று வைத்த எட்டுப் பழைய விதிகளில் முதலாவது. புத்தரே விதித்தது என்று ஜீவராணி ஒரு காலத்தில் எழுதினாள். அப்போது அநேகமாக எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள்.

சோமலதா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

கொழும்பில், வெள்ளவத்தையில் இருவரும் ஒரே அறையில் இருந்த நாட்கள். சோமலதா சிங்களத்தி, தமிழை ஜீவராணியோடு சண்டை பிடித்தே பழகியவள். தண்டவாள ஓரம் இறால் வடையும் கையுமாக நின்று, "உந்த விதியைச் சொன்னது புத்தரில்லையடி, எவனோ ஒரு பயந்தாங்கொள்ளி" என்று கத்துவாள். ரயில் வந்தால் அது போய்முடியும்வரை வாயைத் திறந்தபடி நிற்பாள். பிறகு விட்ட சொல்லிலிருந்து தொடங்குவாள்.

அப்படிச் சண்டை பிடிக்கப் பிறகு ஜீவராணிக்கு ஆள் கிடைக்கவில்லை.

இப்போது ஆய்வாளர்கள் பலர் சோமலதாவின் பக்கம். ஜீவராணியும்தான். விதி பிற்காலத்தில் நுழைத்தது என்று இந்த இளம் பிக்குவே ஆய்வேடு எழுதுகிறார். விகாரையின் தலைமைப் பிக்குவுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு சாக்குக் கிடைத்தால் எழுத்தையே நிறுத்திவிடுவார்.

சோமலதா இன்று ஒருமுறை எழும்பாமல் இருந்தால் போதும். ஜீவராணி கேட்டது அவ்வளவுதான்.

பிக்கு நின்றார். சோமலதா கதிரையில் இருந்தாள். பிக்குவின் காது சிவந்தது.

சோமலதா எழுந்தாள். நெற்றி தரையில் பட மூன்று முறை வணங்கினாள். பிக்குவின் வாய் அவரைக் கேளாமலே ஆசி சொல்லி முடித்தது.

ஆய்வேட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பிளேன்டீயைக் குடித்துவிட்டு பிக்கு படியிறங்கினார்.

"இதுக்கோ உன்னை வரச்சொன்னனான்?"

"சத்தம் போடாதையடி. பொடியன் இன்னும் எழுதி முடிக்கேல்ல."

ஜீவராணி திரும்பினாள். துணைக்கு வந்தவன் வாசலில் நின்று போனில் எடுத்த வீடியோவை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று கும்பிடும் முழுதாக விழுந்திருந்தன. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பிக்குவின் பின்னால் இறங்கினான்.

சோமலதா போய்க் கதவைச் சாத்திப் பூட்டினாள். "இப்பக் கத்து" என்றாள்.